உப்பின் மேல் நகரும் மலை

சின்னக் காஞ்சிபுரத்தில் வெயில் தகித்த ஒரு பங்குனிப் பிற்பகலில், கூடத்தில் படுத்திருந்த சம்பத்குமார் தூக்கத்தில் சிரித்தார். விசிறிக்கொண்டிருந்த அவர் மனைவி நாமகிரிக்கு அந்தச் சிரிப்பின் மேல் பொறாமையாக இருந்தது. பாறைகளை ஆராயும் சர்க்காரின் பூகர்ப்ப இலாகாவில் அவருக்கு உத்தியோகம். பஞ்சாபில் கூடாரமடித்து மலைகளைப் படம் வரைகிறவர், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். வந்தாலும் மனசு அங்கேதான்.

கண் விழித்தவரிடம், "ஏன்னா, கனவுல யாரு?" என்றாள்.

"மலை. நகர்ந்துண்டிருந்தது."

"மலை நகருமா?"

"நகர்றதே! வடக்கேருந்து ஏதோ ஒண்ணு நெருக்கறது. அடியில வெறும் பாறைன்னா, மடிஞ்சு மடிஞ்சு அங்கேயே உசரமாக் குவிஞ்சுடும். நான் இருக்கற இடத்துல அடியில கனமா உப்பு. பாரம் அழுத்தினா உப்பு இளகிக் கொடுக்கும். மேல இருக்கற பாறை அதுல வழுக்கிண்டே சமவெளி வரைக்கும் போயிடறது."

அவளுக்குப் பிடிபடவில்லை. கொடியில் காய்ந்த அவளுடைய அரக்குப் பட்டுப் புடவையை உருவி, முற்றத்துச் சொரசொரக் கல்லில் விரித்து, ஓரத்தைத் தள்ளினார். கையடியிலேயே கசங்கிக் குவிந்தது. பிறகு வழவழத்த ஊஞ்சல் பலகையில் விரித்தார்.

"இப்போ நீ தள்ளு."

நாமகிரி தள்ளினாள். பட்டு மறுகோடி வரை வழுக்கிப் போய், தாழ்ந்த அலைகளாக விலகி விலகி எழுந்தது. அவளுக்குக் கண் சொக்கியது. கூடமும் தெருவும் கோபுரமும் சத்தமில்லாமல் தெற்கே நழுவுவதுபோலவும், அதில் தான் மட்டும் மல்லாந்து படுத்திருப்பதுபோலவும் இருந்தது.

"நானும் வரேன்," என்றாள்.

"கூடாரம்டி. புழுதி, தேள்..."

"இருந்துட்டுப் போகட்டும்."

மாமியார் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே புளிக்காய்ச்சல் கிண்டி ஜாடியில் கட்டிக் கொடுத்தாள்.

ரயில் மாறி ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். ஓடைக்கரையில் உப்பு ரோஜா நிறத்தில் வெளியே தெரிந்தது. நாமகிரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்கு மேலே பாறை மடிப்பு மடிப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏறிப்போய், அதன்மேல் படுத்துக் காதை வைத்தாள்.

"என்ன கேக்கறது?" என்றார் கீழேயிருந்து.

"ஒண்ணும் கேக்கலை."

ஆனாலும் எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. சம்பத்குமார் படப் பலகையைக் கீழே வைத்துவிட்டு, மெல்ல மேலே ஏறி வந்தார்.