இருநூற்றெண்பது கஜம்

மோன்டானாவில் எல்க் மான் வேட்டைக்கு அன்றுதான் கடைசி நாள். மதியம் தாண்டியிருந்தது. எதிர்ச்சரிவில் ஓர் ஆண் எல்க் மேய்ந்துகொண்டிருக்க, ஓரின் பனியில் குப்புறப் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

தோளில் அறுவை நடந்தபின் பெரிய துப்பாக்கியின் உதை அவருக்கு ஆகவில்லை. ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடும் சிறிய துப்பாக்கிக்கு மாறியிருந்தார். சின்ன குண்டு என்பதால் முந்நூறு கஜத்துக்கு அப்பால் எல்க்கைச் சுடுவதில்லை என்பதில் மனிதர் பிடிவாதம். தங்கை கணவன் டேட்டுக்கு அது ஓயாத கேலி.

"அணில் சுடுறத தூக்கிட்டு எல்க்குக்கு வந்திருக்கீங்க மச்சான்."

"நீ தூரத்த மட்டும் சரியாச் சொல்லு மாப்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

டேட் தூரம் காட்டும் கருவியில் பார்த்தான். நானூற்றுப் பத்து கஜம். சொன்னால் ஓரின் எழுந்துவிடுவார். மூன்று வருடமாக வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர். போதாததற்கு இவனுக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாதி அக்கிரமம் அப்படித்தான் நடக்கிறது.

"இருநூத்தி எம்பது."

அந்தத் தூரத்துக்குக் குறிவைத்து ஓரின் சுட்டார். குண்டு தாழ்ந்துபோய் எல்க்கின் முன்னங்காலை உடைத்தது. அது விழுந்து எழுந்து, மூன்று காலில் மரங்களுக்குள் போய் மறைந்தது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்தார்கள். புதுப்பனி விழத் தொடங்கியதும் தடம் போய்விட்டது.

"அவ்வளவு கிட்ட இருந்தும் தப்பிருச்சே. தோள் நடுங்கியிருக்கு," என்றார் ஓரின். "பாவம், அது எங்க கெடந்து துடிக்குதோ."

சட்டைப்பையிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த அன்றைய தேதியைக் கத்தியால் வெட்டினார். ஒரு சீட்டுக்கு ஒரு எல்க்; வெட்டினால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. மான் கைக்கு வராவிட்டாலும் ரத்தம் சிந்தினால் சீட்டு செல்லாது என்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. ஓரின் அந்த ரகம். பிறகு துப்பாக்கியை டேட்டிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்க. இனிமே நான் தொடறதா இல்ல."

டேட் வாங்கித் தோளில் மாட்டினான். கையுறையைக் கழற்றி, தன் சீட்டை எடுத்து, அதே தேதியை வெட்டினான்.

"நீ எதுக்கு வெட்டுற? நீ சுடவே இல்லையே."

"நானூத்திப் பத்து கஜம், மச்சான்."

ஓரின் அவன் தோளிலிருந்து துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டார்.

"நீ வண்டிக்குப் போ," என்று சொல்லிவிட்டு, கடைசியாக ரத்தம் பார்த்த மரத்தை நோக்கித் தனியாக நடந்தார்.