பத்தாம் வாரத்துத் தீவனம்

கோழிக் கொட்டகை விஷயத்தில் தங்கச்சிக்காரி ஒரு பிடாரி. முந்நூறு பெட்டைக் குஞ்சுகளுக்கும் எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம், பிறகு பதினெட்டு வாரம் வரை வளர் தீவனம், அதற்கப்புறம்தான் முட்டைத் தீவனம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். ஒரு கைப்பிடி கூடக்குறைய விடமாட்டாள். இருக்காதா பின்னே? புருஷன் கைவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு வருஷம். "இந்தக் குஞ்சுங்களை முட்டைக்குக் கொண்டு வா, அப்புறம் கொட்டகை உன் பொறுப்பு" என்று அண்ணன் சொன்ன நாளிலிருந்துதான் அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தாள்.

அண்ணனுக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அடுப்பில் வைத்த பால் ஏன் இன்னும் பொங்கவில்லை என்று பத்துத் தரம் எட்டிப் பார்க்கிற ஆள்.

"இன்னும் ரெண்டு மாசமா? பக்கத்துக் கொட்டகைல இப்பவே முட்டை பொறுக்குறாங்க."

"அதுங்களுக்கு வயசு கூடண்ணா. இதுங்களுக்கு இப்பதான் பத்து வாரம். அவசரப்பட்டா ஆகாது."

"சரி, நீ சொன்னா சரி."

அவன் இத்தனை சுலபமாக விட்டதில் அவளுக்குப் பெருமை வேறு, பாவம்.

பதினாலாம் வாரம் குஞ்சுகள் சுணங்கின. தண்ணீரைக் குடித்துக் குடித்து வெள்ளையாகக் கழிந்தன. முதலில் இரண்டு செத்தன, அப்புறம் பத்து, ஒரு நாள் காலையில் நாற்பது. முட்டைத் தீவனத்தில் மட்டுமே சேர்க்கிற கிளிஞ்சல் தூள் தீவனத் தொட்டியில் கிடந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். தீவன ஆலைக்காரன் அரைத்த லட்சணம் என்று அவனைத் திட்டியதோடு விட்டுவிட்டாள்.

கால்நடை டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"வளர்ற குஞ்சுக்கு முட்டைத் தீவனம் போட்டது யாரு? இவ்வளவு சுண்ணாம்புச் சத்தை இதுங்க தாங்குமா?"

"யாரும் போடல டாக்டர்..." என்று திரும்பியவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவளுக்கு முன்னால் எழுந்து, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று அவன் கொட்டகைக்குப் போனதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அவ புதுசு டாக்டர். மூட்டையை மாத்திப் பிரிச்சிருப்பா."

"பாத்துப் போடக் கூடாதாம்மா?" என்று கடிந்துவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு எந்த வீட்டில் போய்ப் படுப்பது? டாக்டரின் வண்டி கிளம்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்ணா போட்டே?"

"சீக்கிரம் முட்டை வந்தா உனக்குத்தானே நல்ல பேரு?"

"அந்த நல்ல பேரைத்தான் இப்ப டாக்டர்கிட்ட வாங்கிக் குடுத்தியா?"

மிச்சமிருந்தவற்றில் பாதியும் அந்த வாரமே செத்தன. குழி வெட்டியது அவள்தான்.

அடுத்த மாதம் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின.

"இதுங்களை நானே பாத்துக்கறேன். நீ உங்க அண்ணிக்கு அடுப்படியில கூடமாட இரு" என்றான்.

"எந்த வாரம் எதைப் போடுவே?"

"நீ எழுதி வெச்சபடிதான். அதுல என்ன குத்தம்?" கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னான். "ஒண்ணு மட்டும் சொல்லு. எட்டு வாரம் முடிஞ்சதும் ஒரேயடியா மாத்திடலாமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவன் குடி விளங்காமல் போகட்டும் என்றுதான் இருந்தது. பெட்டிக்குள் குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

"ஒரு வாரம் கலந்து போட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாத்து" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, அவளிடமிருந்த கொட்டகைச் சாவிக்குக் கையை நீட்டினான்.