அடைக்கக் கூடாத ஓட்டை

கிழவர் தண்ணீரை நம்ப மாட்டார். மனுஷரையும் நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய பழைய கார் துணிக்கூரை போட்டது. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலையில் காற்றுப் பட ஓட்டலாம். மனைவி ஆசைப்பட்டாள் என்றுதான் வாங்கினார். மழை வந்தால்தான் வம்பு. கூரையை மூடினாலும் முன் இருக்கையின் காலடியில் குளம் கட்டிவிடும். அவளுக்குக் கால் நனைந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில், மகளின் பிரசவத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டார். இறங்கியவள் வாசலிலேயே நின்று புடவைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"இனிமே இந்தத் தொட்டியில நான் ஏற மாட்டேன். ஒழுகல் நின்னா வந்து கூட்டிட்டுப் போங்க."

பேரப்பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். வீட்டில் ஒரு டம்ளர் உருண்டால், 'என்னத்தைப் போட்டு உடைச்சீங்க?' என்று கேட்க நாதியில்லை.

ஒழுகல் தேடுவது ஒண்டியாள் வேலையில்லை. வெளியே ஒருவர் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு குந்தியிருக்க வேண்டும். உள்ளே எப்போதும் அவள்தான். "இங்க... இல்லல்ல, அங்க... ஐயோ, என் கழுத்துல!" என்று கத்துவாள். இப்போது அவரே குழாயைக் கட்டி வைத்துவிட்டு, ஓடிவந்து உள்ளே நுழைவதற்குள் தண்ணீர் எங்கேயோ ஒளிந்துகொண்டது. கதவு ரப்பர் மேல் முகப்பவுடரைத் தூவி, ஈரக்கோடு விழுகிறதா என்று பார்த்தார். கண்ணாடியைச் சுற்றிப் பசை அப்பினார். குளம் அசையவில்லை.

கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, டயர் கடைக்காரன். அக்காவின் உளவாளி என்று அவன் மேல் அவருக்கு ஒரு நினைப்பு.

"நீங்க உள்ள உக்காருங்க அத்தான். நான் தண்ணி விடறேன்."

"ஏன், என்னைக் குளிப்பாட்டவா? நீ போ உள்ள."

"எங்கக்கா இத்தனை வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினாளோ!"

கிழவர் வெளியே தண்ணீரைப் பீய்ச்ச, உள்ளே போனவன் பின் இருக்கையைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினான்.

"அத்தான், முன்னால எங்கயும் ஒழுகல. இங்க கூரைக்கு அடியில ஒரு வாய்க்கால் இருக்கு. இதுல விழற தண்ணி ஓட்டை வழியா ரோட்டுக்குப் போகணும். போகாம நிரம்பி, தரையோட ஓடி முன்னால நிக்குது."

இறங்கி வந்து பின் சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்தான். ஓட்டை கல்லாய் இறுகிய பசையால் அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் பதிந்த பள்ளம்.

"யாரு அடைச்சது இதை?"

கிழவர் மதில் பக்கம் பார்த்தார். "வாங்கின புதுசுல... எலி ஏறும்னு."

"எலியா! தண்ணி வெளிய போற ஓட்டை அத்தான் இது!"

"வர்ற ஓட்டை, போற ஓட்டைன்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

திருப்புளியால் ஒரு குத்து. சேற்றுத் தண்ணீர் மைத்துனனின் செருப்பை நனைத்துக்கொண்டு கொட்டியது. மறுபக்கமும் அப்படியே. விரிப்பைக் காயவைத்துப் போட்டு மறுபடி பீய்ச்சினார்கள். கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கால் வைக்கும் இடத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. காலை எடுக்க மனம் வரவில்லை.

ஃபோன் போட்டார்.

"நின்னுடுச்சு."

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க. தம்பிகிட்ட குடுங்க."

தம்பி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். ஃபோன் திரும்பி வந்தது.

"குழாய்த் தண்ணியிலதானே பாத்தீங்க? மழை பெய்யற அன்னைக்கு வாங்க. கால் நனையலன்னா ஏறறேன்."

"மழை எப்போ வரும்னு யார் கண்டா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பை எப்பவோ கட்டி வெச்சாச்சு" என்றாள் மெதுவாக. "நீங்கதான் வரல."

கிழவர் ஃபோனை வைத்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கூரையை இழுத்து மூடிக் கொக்கி மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க அத்தான்? இந்த வாரம் பூரா மழை இல்லன்னு செய்தியில சொல்றான்."

"செய்திக்காரனை நான் என்னைக்குடா நம்பினேன்?" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.