நாலாவது கதவு

"இப்ப எங்கை நிக்கிறம்?" என்று இராஜரட்ணம் கேட்டார்.

"பாலத்திலை, அப்பா. சிவப்பு இரும்புப் பாலம்." கைபேசி வரைபடத்தில் ஸ்பெயினின் ஜிரோனா நகரத்துத் தெருப் படங்களை மகள் சாம்பவி விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று காலையில்தான் டொக்டர் சொல்லியிருந்தார். இராஜரட்ணத்துக்குப் பார்வை மங்கி ஆறு மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் மறுபக்கம் மனைவி குணவதி இருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு, கனடாவுக்கென்று புறப்பட்ட அவரை அந்த ஊரில் விட்டுவிட்டு ஏஜென்ட் மறைந்துபோனான். படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் விற்கிற ஒரு கடைக்காரி பதினொரு மாதம் வேலை கொடுத்து, பின்னறையில் படுக்கவும் விட்டாள். ஒருக்கால் போய்ப் பார்ப்பம் என்று அவர் கேட்கும்போதெல்லாம் குணவதி, "வாற சமருக்குப் பாப்பம்" என்பாள். முப்பது கோடை போய்விட்டது.

"கோயிலடியிலை, தூணிலை ஒரு கல்லுச் சிங்கம் ஏறுது."

"அதின்ரை பின்பக்கத்தைக் கொஞ்சினா, அந்த ஊருக்குத் திரும்பி வரலாமாம்."

"சீ! டிட் யூ, அப்பா?"

"விசரே எனக்கு? கனடா வரவேணுமெண்டு, நான் அந்தப் பக்கமே போகேல்லை."

மூவரும் சிரித்தார்கள். அவருக்கு இருமல் வந்தது.

"அதிலையிருந்து இடப்பக்கம், நாலாவது கதவு."

சாம்பவியின் விரல் நின்றது. நாலாவது கதவில் ஐஸ்கிரீம் கடை. அவள் தாயைப் பார்த்தாள். குணவதி கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"கடை திறந்திருக்கோ?"

"ஓம், திறந்திருக்கு."

"கண்ணாடிக்குள்ளை என்ன?"

"வெள்ளை விரிப்புகள். அடுக்கி வைச்சிருக்கினம்."

"நுனி வெளியிலை தெரியுதோ?"

நுனிகள் உள்ளே இருக்கவேண்டும், மடிப்பின் வளைவுதான் வாசலைப் பார்க்கவேண்டும். கடைக்காரியின் சட்டம் அது. வீட்டில் குணவதி மடித்து வைத்ததையெல்லாம் அவர் பிரித்துத் திரும்ப மடிப்பார். அதற்காகவே எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"ஒரு நுனியும் தெரியேல்லை. நீங்கள் மடிக்கிற மாதிரியேதான்."

"கடைக்கார மனிசி இன்னும் விடேல்லை," என்றார் அவர், திருப்தியாக. பிறகு, "உள்ளுக்குப் போவமோ?"

குணவதி அவருடைய கையைப் பிடித்தாள். "வாங்கோ. நானும் வாறன்."

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. நாலரை மணிக்கு நேர்ஸ் வந்து, குணவதியின் விரல்களை மெல்ல விலக்கினாள்.

அஜக்ஸில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொல்வதற்காகச் சாம்பவி கைபேசியை எடுத்தாள். திரையில் அந்தத் தெரு அப்படியே கிடந்தது. படத்தில் முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பெண் வெயிலில் நின்றாள். அவள் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி, மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.