அம்மா வராத படங்கள்

எலிசா குவைத்துக்குத் திரும்ப இன்னும் ஐந்தே நாள். அதற்குள் மகளுக்காகப் பொம்மைப் படம் மூன்று பார்த்து எடுத்தாக வேண்டும். விஷயத்தைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன வந்தது, பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் அவளல்லவா!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது பெனினாவுக்கு இரண்டரை வயசு. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கண்ணில் படாமல் கிளம்பு என்றாள் ஓரகத்தி ஞானமணி. கங்காதர நெல்லூரிலிருந்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். இவள் வாசலைத் தாண்டுகிற நேரம் பார்த்துப் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவேயில்லை. நகரியில் புருஷன் ஸ்டீவன் வேலை பார்த்த விசைத்தறிக் கொட்டகையை மூடாமல் இருந்திருந்தால் இவளுக்கு இந்தத் தலையெழுத்து எதற்கு?

இப்போது நாற்பது நாள் லீவில் வந்திருந்தாள். வளர்த்த ஞானமணியைத்தான் பிள்ளை அம்மா என்றது. இவளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. எலிசா விடவில்லை. சோறு ஊட்டினாள், தலை வாரினாள், கழுதையாகக் குனிந்து முதுகில் ஏற்றினாள். இருபதாம் நாள் அது தானாக மடியில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவளுக்குப் பசியே எடுக்கவில்லை. சந்தோஷத்தோடு பயமும் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஒட்டிக்கொண்ட பிள்ளை மறுபடி அலறினால் எப்படிப் போவது?

டிவியில் பொம்மைப் படம் ஓடினால் பெனினா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். குவைத்து வீட்டுப் பையனை, அவன் அம்மா ஆபீசுக்குக் கிளம்பும்போது, எலிசா அப்படித்தான் உட்கார வைப்பாள். எந்தப் படத்துக்கு எத்தனை நிமிஷம் அசையாமல் இருப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. ஊரான் பிள்ளையிடம் படித்த வித்தை.

சித்தூரில் சரியாகக் கிடைக்காமல் திருப்பதிக்குப் போனாள். சிடி கடை ஹரிபாபு தெலுங்கிலா தமிழிலா என்றார். பேச்சே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படத்தில் அம்மா மட்டும் வரக்கூடாது என்றாள். அவரும் சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடை டிவியில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார்.

அம்மா இல்லாத படம் லேசில் கிடைக்கிறதா? முயல்குட்டி தாயைத் தேடியது. வாத்துக்குஞ்சு தாயைத் தேடியது. யானைக்குட்டி தேடியபோது எலிசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதை எடுத்துடுங்க சார் என்றாள். பன்னிரண்டு படம் பார்த்து மூன்று தேறின. எறும்பு ஒன்று வேர்க்கடலையை மேட்டில் ஏற்றப் பார்க்கிறது. இரண்டு குடைகள் சண்டை போடுகின்றன. தவளை ஒன்று தன் தொப்பியைத் துரத்துகிறது. ஒவ்வொன்றும் ஏழு நிமிஷம். ஞானமணி ஜெபம் பண்ணவும், வண்டி தெருமுனையைத் தாண்டவும் தாராளமாகப் போதும்.

கிளம்புகிற அன்று பத்து மணிக்கு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி வந்தது. பெட்டியை முதல் நாளே பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். பெனினா டிவி முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். ஞானமணி புழக்கடையில் எலிசாவின் தலையில் கை வைத்துச் சத்தமில்லாமல் ஜெபித்தாள். ஆமென்கூட உதட்டளவில்தான். எலிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கரென்ட் போய்விட்டது.

பாழாய்ப்போன கரென்ட்டுக்கு இந்த நேரம்தானா கிடைத்தது! பிள்ளை திரும்பியது. புதுப்புடவை, தோளில் பை, கையில் செருப்பு. எல்லாவற்றையும் பார்த்தது. எலிசா வாரி எடுத்துக்கொள்ளக் குனிந்தாள்.

"டாட்டா" என்று பெனினா கையை ஆட்டினாள். பிறகு ஞானமணியிடம் திரும்பி, "அம்மா, கரென்ட் எப்ப வரும்?" என்றாள்.

"நல்லவேள, அழல. திரும்பிப் பாக்காம போ எலிசா" என்று ஞானமணி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஸ்டீவன் பெட்டியை ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தான். வண்டி உறுமியதும் எலிசா டிரைவரின் தோளைத் தொட்டாள்.

"இஞ்சின நிறுத்துண்ணா. எம்பொண்ணு இப்ப அழுவும். கேட்டுட்டுப் போறேன்."

அவர் நிறுத்தினார். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அவள் வீட்டுப் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று.

"ஃபிளைட் போயிடும்மா" என்றார் டிரைவர்.