இரண்டு பிக்கப்பும் ஒரு வெள்ளோட்டமும்

பட்டறைக்கு மின்சார பிக்கப் வாங்குவது என்று முடிவானதும் வெல்டிங்காரிக்கும் அவள் புருஷனுக்கும் முட்டிக்கொண்டது. அவனுக்குச் சிவப்பு வண்டிதான் வேண்டும். அவளுக்கு வெள்ளை. வெள்ளையின் பின்தட்டு தாழ்வானது. இரும்புக் கேட்டை ஏற்றி இறக்கினால் இடுப்பு ஒடியாது.

"சிவப்புல பின்னாடி பிளக் பாயின்ட் இருக்கு, தெரியுமா?" என்றான்.

"எதுக்கு? போற வழியில இஸ்திரி போடவா?"

இரண்டு ஷோரூம்காரர்களும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்தார்கள். ஓரவஞ்சனை கூடாதென்று ஆளுக்கு மற்றவர் வண்டியை ஓட்டுவதாக ஏற்பாடு. சிவப்பில் கேட், வெள்ளையில் தூண்களும் வெல்டிங் மெஷினும். மேட்டுத் தெருவில் பல் டாக்டர் வீட்டில் மாட்ட வேண்டும்.

வெல்டிங்காரி நல்லவள்தான். அன்றைக்கென்று கை சும்மா இருக்கவில்லை. சிவப்பு வண்டியின் ஏசியைக் கடைசிவரை திருகினாள். பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் சீறிக்கொண்டு கிளம்பினாள். சார்ஜ் மளமளவென்று இறங்கியது; அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

வெகுநேரம் கழித்து புருஷன் ஓட்டிய வெள்ளை முக்கி முனகி வந்து சேர்ந்தது.

"பாத்தியா, உன் வண்டி மேடே ஏற மாட்டேங்குது!"

"உங்களுது மட்டும்? வந்ததுக்கே மூச்சு வாங்குது!"

கேட்டை நிறுத்தி மெஷினைச் செருகினால், வீட்டில் கரண்ட் இல்லை. தெருவுக்கே போய்விட்டதாம்.

"கேட் இல்லாம நாயை விட்டுட்டு நான் எப்படி கிளினிக் போறது?" என்று டாக்டரம்மா கையைப் பிசைந்தார்.

புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிவப்பின் பிளக்கில் மெஷின் ஒயரைச் செருகினான். ஒரு கீல் பற்றவைப்பதற்குள் வண்டி கையை விரித்தது. பேட்டரியில் சார்ஜ் குறைவு.

"இத்தனூண்டு தூரத்துக்கு எப்படி தீர்ந்துச்சு?" என்று கதவைத் திறந்தவன் முகத்தில் குளிர்காற்று அறைந்தது. ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சை மாற்ற அவள் வெள்ளையின் தார்ப்பாயை இழுத்தாள். அடியில் மணல் மூட்டைகள் சொகுசாகப் படுத்திருந்தன.

"இவங்கல்லாம் யாருங்க? உங்க சித்தப்பா குடும்பமா?"

"அது... வண்டி ஆடாம இருக்கட்டும்னு..."

"பல்லைப் பிடுங்க வர்றவங்ககூட இவ்வளவு பொய் சொல்றதில்லப்பா!" என்றார் டாக்டரம்மா.

அந்த மூட்டைகளையே கேட்டுக்கு முட்டுக்கொடுத்து நாயை உள்ளே அடைத்தார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது, வேலையும் முடிந்தது.

சிவப்பையே வாங்கலாமென்று மறுநாள் அவளே சொன்னாள். நடுத்தெருவில் கரண்ட் இல்லாமல் நின்றதில் அந்த பிளக்கின் அருமை அவளுக்கு உறைத்துவிட்டது. அதைப் புருஷனிடம் ஒப்புக்கொள்வாளா?

"கலர் நல்லாருக்கு" என்றாள்.