ரூபினா வீட்டுச் சங்கிலி ஜெபம்

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில், துக்க வீடு என்றால் என்னை ஓரமாகத்தான் உட்கார வைப்பார்கள். ‘தேவகிருபைக்கு வாய் ஜாஸ்தி’ என்று பேர். கொருக்குப்பேட்டையில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவளுக்கு வாய் இல்லாமல் எப்படி? சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இந்த வாயை வைத்துத்தான் கடையை நடத்துகிறேன். ஆனால் ரூபினா விஷயத்தில் எனக்கு வந்த கோபம் நல்ல கோபம். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

ரூபினாவுக்கு ராயபுரத்தில் வீடு. அவள் புருஷன் டென்னிஸ், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றால், டிரைவர்கள் உள்ளேயே படுத்துத் தூங்கிவிடுவார்கள். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அப்படிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முன்னால் நின்ற வண்டிகள் போன பிறகும் இது அசையவில்லையே என்று பின்னால் இருந்தவன் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான். மாரடைப்பு. தங்கமான பையன், எங்கள் கடையில் ஒரு நாள் கூட என்னோடு பேரம் பேசினதில்லை.

புது வருஷ ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். குடும்பத்துக்கு ஒன்று. அதில் என்ன வசனம் அச்சடித்திருக்கிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு. ரூபினா எடுத்ததில், உன் வீட்டை ஒரு தீங்கும் நெருங்காது என்று வந்தது. பிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினாள். டென்னிஸ் போட்டோவை மாட்ட அந்தச் சுவரில் வேறு ஆணி இல்லை. அட்டையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில்தான் அவனை மாட்டினார்கள்.

அன்றோடு அவள் ஜெபத்தை நிறுத்திவிட்டாள். யார் பிள்ளைக்கு ஜுரம் என்றாலும் முதலில் முழங்கால் போடுகிறவள் அவள். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்காக உட்கார்ந்து ஜெபித்தவள். அவள் இனிமேல் ஆண்டவரோடு பேசவே மாட்டாளோ என்று எனக்குப் பயம். புருஷனும் போய், அந்தப் பேச்சுத் துணையும் போய்விட்டால் அவள் எப்படிப் பிழைப்பாள்?

ஐக்கியத்தின் செயலாளர் பெனிஷா. பேங்கில் வேலை, நல்ல பெண், கெட்ட எண்ணமே கிடையாது. முதல் தடவை நாங்கள் ஆறுதல் சொல்லப் போனபோது, அந்த வசனத்துக்கு ஆவிக்குரிய அர்த்தம், ஆத்துமாவுக்குத் தீங்கு வராது என்பதுதான் அது என்று விளக்கம் சொன்னாள். ரூபினா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை பெனிஷா பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாக்குத்தத்தத் தட்டு! மீந்துபோன அட்டைகளோடு!

“ஆண்டவர் உங்களுக்குன்னு வேற வார்த்தை வச்சிருக்கார்க்கா. விசுவாசத்தோட ஒண்ணு எடுங்க.”

ரூபினா தட்டைப் பார்த்தாள். பெனிஷாவைப் பார்த்தாள்.

“இன்னா பெனிஷா இது, லாட்டரி சீட்டா? போன தபா வுழல, இந்த தபா வுழும்னு தூக்கினு வந்துட்டியா?”

கதவைச் சாத்திக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கும்போது நான் பெனிஷாவைப் பிடித்து உலுக்காத குறை.

“ஏட்டி, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? மாப்பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட போய்ச் சீட்டை நீட்டுதியே!”

“எனக்கு என்ன சொல்லணும்னு தெரியலக்கா,” என்று அழுதாள்.

“தெரியலேன்னா சும்மா இரு. வாயை மூடிட்டு உக்காந்திருந்தா பரலோகம் இடிஞ்சா விழுந்துரும்?”

சொல்லிவிட்டேனே ஒழிய, எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் காசிமேட்டில் நெத்திலி வாங்கிக்கொண்டு ரூபினா வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தலை கிள்ளினோம். பாதி மீன் ஆன பிறகு அவளாகவே பேசினாள்.

“உங்க ஆண்டவராண்ட நான் டூ வுட்டுட்டேன்க்கா.”

“சரி.”

“இன்னாக்கா சரின்ற? ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

“நான் என்னத்தச் சொல்ல? மீனைக் கிள்ளு.”

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். “சொல்லாம கொள்ளாம எத்துகினு போயிருந்தாகூட மனசு ஆறும்க்கா. வாக்கு குடுத்துட்டு எத்துகினு போனா? நானா கேட்டேன்? நான் பாட்டுக்கு கம்முனுதான இருந்தேன், அவருதான குடுத்தாரு?” திரும்பத் திரும்ப இதே பேச்சு. பாவமாகவும் இருந்தது, என் பொறுமையும் போயிற்று.

“இதை ஏன்ட்டி என்ட்ட கேக்குத? நானா வாக்குக் குடுத்தேன்? குடுத்தவர்ட்ட கேளு!”

அவள் கை நின்றது. “அவராண்ட இப்டிலாம் கேக்கலாமாக்கா?”

“நீ கேக்காம வேற எவ கேப்பா?”

அவள் எழுந்தாள். மீனை அலசி, குழம்பு கூட்டி, எனக்கும் ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். கூடுதலாகப் பேசிவிட்டோமோ என்று வழியெல்லாம் எனக்கு உதைப்பாகவே இருந்தது.

அந்த மாதம் வீட்டு ஜெபக்கூட்டம் ரூபினா வீட்டு முறை. வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாமா என்று பெனிஷா போன் செய்தாள். மாற்றினால் ஒதுக்கி வைத்த மாதிரி ஆகும், அவளையே கேள் என்றேன். “வாங்க, டீ போட்டு வெக்கறேன். என்னை ஜெபம் பண்ண சொன்னா மட்டும் எய்ந்து பூடுவேன்,” என்று ரூபினா சொன்னாளாம்.

போனோம். பாட்டு முடிந்து சங்கிலி ஜெபம் தொடங்கியது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் விட்டதும் பக்கத்தில் இருப்பவர் தொடர வேண்டும். மனமில்லாதவர்கள் அடுத்த ஆளைத் தொட்டுவிட்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். நான் முடித்ததும் என் பக்கத்தில் ரூபினா. அவளுக்கு அந்தப் பக்கம் பெனிஷா. தொடப்போகிறாள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கை மடியிலேயே இருந்தது.

“ஆண்டவரே, ரூபினா பேசறேன்.”

முக்காட்டுக்குள்ளிருந்து நாலைந்து தலைகள் நிமிர்ந்தன.

“நீ பண்ணது நாயமே இல்ல. வாக்கு குடுத்த நீ. நான் கேக்கவே இல்ல. குடுத்துட்டு, பட்டப்பகல்ல நடுரோட்டுல அவனை எத்துகினு பூட்ட. என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா? இனிமே உன் மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடில. இதை உன்னாண்ட சொல்லாம நான் வேற யாராண்ட போய் சொல்றது?”

பெனிஷா கண்ணைத் திறந்தாள். திருத்தி ஜெபிக்க வாயெடுக்கிறாளோ என்று அவளை ஒரு முறை முறைத்தேன். பாவம், அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. சண்டைக்கு நிற்கிறாள் என்றால் உறவு விட்டுப்போகவில்லை என்றுதானே அர்த்தம்!

ரூபினாவின் குரல் இறங்கியது.

“அவன் உன்னாண்டதான் கீறான். அது எனக்குத் தெரியும். வருசக் கணக்கா அந்த சீட்டுல காலை மடக்கினே தூங்குனவன் அவன். நல்லா காலை நீட்டி படுக்கறாமாரி அவனுக்கு எடம் குடு. அவன் தூங்க சொல்லோ எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

“ஆமென்!” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பிறகு வட்டம் முழுக்க ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அடுத்து பெனிஷாவின் முறை. ‘ஆண்டவரே’ என்று தொடங்கினாள், அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் தொடங்கினாள், விக்கினாள். ரூபினா கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“மெதுவா சொல்லு பெனிஷா. அவரு எங்க பூடப்போறாரு.”